சிங்கமும் முயலும் நம் வரப்பில்: கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு படக்கதைப் புத்தகம்

பிள்ளைகளின் கோடைக் கைவேலைகளில் பெரும்பாலானவை ஒரே வழியில் முடிகின்றன. காலையில் கத்தரிக்கோலும் பசையுமாக வீடு அமர்க்களப்படும். மாலையில் பொம்மை அலமாரியின் மேல் ஏறும். அடுத்த வாரம் குப்பையோடு போகும். இங்கே சொல்லப்போகும் வேலை சற்று நீண்டது. தெரிந்த கதை ஒன்றை எடுத்து, அதன் பாத்திரங்களை அட்டையில் வெட்டி, அவற்றை வயல், வரப்பு, பனந்தோப்பு, மாட்டுத்தொட்டி என்று கொண்டுபோய் நிறுத்திப் படமெடுத்து, கடைசியில் 16 பக்கப் புத்தகமாகத் தைத்துவிட வேண்டும். விஷுவும் சித்திரைப் புத்தாண்டும் முடிந்த கையோடு தொடங்கினால், ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் ஆற அமரச் செய்யலாம்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கொல்லங்கோடு என்று பாலக்காட்டின் கிழக்கு விளிம்பில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். வேறு ஊர்க்காரர்கள் பனை இருக்கும் இடத்தில் தென்னையையோ புளியமரத்தையோ வைத்துக்கொள்ளலாம்.

தொடங்குமுன் ஒரே ஒரு விதி. பொம்மையை முதலில் செய்யாதீர்கள். என்னென்ன படம் எடுக்கப்போகிறோம் என்று தீர்மானித்த பிறகே கத்தரிக்கோலைத் தொடுங்கள். பொம்மையின் உயரம், அது பார்க்கும் திசை, நிற்கிறதா உட்கார்ந்திருக்கிறதா என்பதெல்லாம் படத்தைப் பொறுத்தவை. இந்த வரிசை மாறினால், அழகான சிங்கம் ஒன்று கையில் இருக்கும். அதை எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியாது.

கதையைத் தேர்ந்தெடுத்தல்

நீண்ட கதை வேண்டாம். பாத்திரம் இரண்டு மூன்றுக்கு மேல் போகக் கூடாது. நடக்கும் இடம் நம் ஊரில் கிடைக்க வேண்டும். கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும் திருப்பம் ஒன்று இருக்க வேண்டும். பாட்டி வடை சுட்ட கதையும் பொருந்தும் என்றாலும், என் தேர்வு பஞ்சதந்திரத்துச் சிங்கமும் முயலும்தான். கண்டபடி வேட்டையாடிய சிங்கத்திடம் விலங்குகள் நாளொன்றுக்கு ஒருவராக வருவதாக ஒப்புக்கொள்கின்றன; முயலின் முறை வருகிறது; அது வேண்டுமென்றே தாமதமாகப் போய், வழியில் இன்னொரு சிங்கம் மறித்ததாகச் சொல்லி, கிணற்றைக் காட்டுகிறது. தண்ணீரில் தெரிந்த தன் உருவத்தின் மேலேயே சிங்கம் பாய்கிறது. திருப்பம் முழுவதும் ஒரு பிரதிபலிப்பில் இருக்கிறது. புகைப்படத்துக்கென்றே பிறந்த கதை.

கதையைப் படித்துக் காட்டிய பிறகு புத்தகத்தை மூடிவிடுங்கள். அதிலுள்ள ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே செய்தால் பிள்ளைகள் நகலெடுக்கத் தொடங்கிவிடுவார்கள். ‘இந்தச் சிங்கம் நம் ஊரில் எங்கே குடியிருக்கும்?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பாறைக்குழி, இடிந்த களத்துக் கொட்டகை, பம்ப்செட் அறையின் பின்புறம் என்று பதில்கள் வரும். அவற்றைத் தள்ளாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

காட்சிப் பட்டியல்

A4 தாள் நான்கை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் 16 பக்கம் கிடைக்கும். முதல் பக்கம் தலைப்புக்கு, கடைசிப் பக்கம் செய்தவர்களின் பெயர்களுக்கு. நடுவில் எதிரெதிராக விரியும் இணைப் பக்கங்கள் 7 மிஞ்சும். ஆகவே காட்சியும் 7. இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் படம்.

1. வரப்பின் மேல் சிங்கம், பின்னால் மலை.
2. இரவில் விலங்குகள் கூடிப் பேசுவது.
3. முயல் புறப்படுவது, இருபுறமும் பனைகள்.
4. வழியில் முயல் வேண்டுமென்றே காலம் தாழ்த்துவது.
5. பசியோடும் கோபத்தோடும் சிங்கம்.
6. இருவரும் கிணற்றை நோக்கி நடப்பது.
7. கிணறு. இங்கே மட்டும் இரண்டு பக்கமும் படம்: இடப்பக்கம் பிரதிபலிப்பு, வலப்பக்கம் தண்ணீர் தெறிப்பது.

ஒவ்வொரு காட்சிக்கும் சிறியதாக ஒரு கட்டம் வரைந்து, குச்சிக் கோடுகளால் பிள்ளைகளே கிறுக்கட்டும். அந்தக் கிறுக்கலில் ஒன்றை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும்: திசை. தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். கதையும் அப்படியே நகர்ந்தால் கண் தடுமாறாது. சிங்கத்தைத் தேடிப் போகும் முயல் வலப்பக்கம் பார்க்கட்டும், அதற்காகக் காத்திருக்கும் சிங்கம் இடப்பக்கம் பார்க்கட்டும். 6ஆம் காட்சியில் இருவருமே வலப்பக்கம் நடக்க வேண்டும்.

படங்கள் நிமிர்ந்தவையாக இருக்கட்டும், அதாவது செல்போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தவை. ஸ்டுடியோவில் சாதாரணமாகப் போட்டுத் தரும் படம் 4க்கு 6 அங்குலம். மடித்த A4 பக்கத்தின் அகலம் 14.8 சென்டிமீட்டர். 6 அங்குலம் என்பது 15.2 சென்டிமீட்டர். படுக்கைவாட்டில் எடுத்த படம் நான்கு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நிமிர்ந்த படமோ பக்கத்தில் ஓரம் விட்டு அடங்கும். பனை மரங்களின் நாட்டுக்கு அதுதான் பொருத்தமும்கூட.

பாத்திரங்களை வெட்டுதல்

இங்கே பாலக்காட்டின் தோல்பாவைக்கூத்தைச் சொல்லாமல் போக முடியாது. பத்ரகாளி கோயில்களில், கூத்துமாடம் என்னும் தனி மேடையில், திரைக்குப் பின்னால் வரிசையாகத் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் ஏற்றி, கம்பராமாயணச் செய்யுட்களைப் பாடி நடத்துகிற கூத்து அது. ஆட்டுகிறவர்களைப் புலவர் என்றே அழைக்கிறார்கள். ஷொர்ணூர் அருகே கூனத்தறையைச் சேர்ந்த இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வாய்ப்பிருந்தால் பிள்ளைகளுக்கு ஒரு தடவை காட்டிவிடுங்கள். ஜனவரி முதல் மே வரையிலான மாதங்களில்தான் கோயில்களில் கூத்து நடக்கும். அங்கே கவனிக்க வேண்டியது, ஒரே பாத்திரத்துக்கு உட்கார்ந்த பாவை, நிற்கும் பாவை, போரிடும் பாவை என்று தனித்தனியாக இருப்பது. கை, கால், வாய் எல்லாம் அசையும் ஒரே பொம்மை செய்ய முயன்று பிள்ளைகள் களைத்துப்போவதைவிட, அசையாத பொம்மைகள் மூன்று செய்வது எளிது. படத்திலும் நன்றாக இருக்கும்.

நமக்கு வேண்டியவை: உட்கார்ந்த சிங்கம், வாய் பிளந்து நிற்கும் சிங்கம், நேராக நம்மைப் பார்க்கும் சிங்கம், நடக்கும் முயல், முதுகு காட்டி உட்கார்ந்த முயல். சிங்கம் ஒரு சாண் உயரம், முயல் நான்கு விரற்கடை. இதைவிடச் சிறிதானால் வைக்கோலில் காணாமல் போகும். பெரிதானால் காற்று தள்ளிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த பெரிய இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய் என்பதால், நம் பக்கத்துக் காற்று அட்டைச் சிங்கத்துக்கெல்லாம் மரியாதை தராது.

கூரியர் பெட்டி அட்டை போதும். அட்டையின் உள்வரிகள் செங்குத்தாக நிற்கும்படி வெட்டினால் பொம்மை வளையாது. அந்த வரிகளின் துளைக்குள்ளேயே தென்னை ஈர்க்கைச் செருகி, கீழே இரண்டு விரல் அளவு நீட்டி விட்டால், மண்ணில் குத்தி நிறுத்தவும் வசதி. பாறை அல்லது சிமெண்டுத் தரையானால் ஒரு களிமண் உருண்டையில் குத்துங்கள். பனையோலையில் செய்ய ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஓலையை மட்டும் கொடுங்கள், மட்டையைக் கொடுக்காதீர்கள். பனைமட்டையின் கருக்கு ரம்பப் பல் போன்றது, கையைக் கிழித்துவிடும்.

நடக்கும் பொம்மைகளுக்கு இரு பக்கமும் வண்ணம் தீட்டுங்கள். அப்போதுதான் 5ஆம் காட்சியில் இடப்பக்கம் பார்த்த சிங்கத்தையே திருப்பி வைத்து 6ஆம் காட்சியில் வலப்பக்கம் நடக்கவைக்கலாம்.

வண்ணத்துக்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. மஞ்சள்தூளையும் காவியையும் குழைத்தால் சிங்கத்தின் உடல் நிறம். மஞ்சளோடு துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். ஆரத்தி கரைப்பதைப் பார்த்த பிள்ளைக்கு இது புதிதில்லை. அந்தச் சிவப்பு பொம்மைச் சிங்கத்தின் நாக்குக்கும் வாய்க்கும் தீட்ட. சுண்ணாம்பைப் பெரியவர்களே தொடட்டும், கண்ணில் பட்டால் ஆபத்து. மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும் என்பதால், தீட்டிய பொம்மையைப் படமெடுக்கும் நாள்வரை பெட்டிக்குள் வையுங்கள். பிடரிக்குத் தேங்காய் நாரைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. காலை வெயில் பின்னாலிருந்து பட்டால் ஒவ்வொரு நாரும் ஒளிரும்.

பசை வீட்டிலேயே காய்ச்சலாம். ஒரு பங்கு மைதாவைக் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நான்கு பங்கு கொதிநீரில் ஊற்றிக் கிளறினால், கண்ணாடி போல் ஆகும்போது இறக்கிவிடலாம். பூச்சி அரிக்காமலிருக்க இதில் துத்தம் கலப்பவர்கள் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கையாளும் பசையில் வேண்டாம். காய்ச்சிய பசையை இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

வேலையைப் பிரிக்கும்போது, சின்னதுகளுக்கு நார் ஒட்டும் வேலையும் காகிதம் கிழிக்கும் வேலையும் கொடுங்கள். வெட்டுவது கத்தரி பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு. வெட்டு கோணலாகப் போனால் விட்டுவிடுங்கள். நள்ளிரவில் அம்மா உட்கார்ந்து திருத்திய சிங்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், காலையில் பிள்ளைக்கு அது வேற்றுச் சிங்கம்தான்.

வெளியே போகும் நேரம்

காலை ஏழு முதல் எட்டரை வரை. மாலையில் நாலரைக்குப் பிறகு. இடைப்பட்ட நேரம் படத்துக்கும் ஆகாது, உடம்புக்கும் ஆகாது. உச்சிவெயிலில் நிழல் பொம்மையின் காலடியில் சுருண்டுகொள்ளும், வண்ணங்கள் வெளுத்துத் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. அந்த நேரம் வீட்டுக்குள் வெட்டவும் ஒட்டவும் எழுதவும் இருக்கட்டும்.

அறுவடை முடிந்த வயலில் குட்டையாக நிற்கும் நெல்தாள், காமிராவைத் தரையோடு வைத்தால் சிங்கம் உலவும் புல்வெளியாக மாறிவிடும். கோடையில் காய்ந்து கிடக்கும் நம் வயலை இதற்காகவேனும் பாராட்டலாம். செருப்புப் போட்டு, குச்சியால் தட்டிக்கொண்டு இறங்குங்கள். பாம்பு இருக்கும் இடம். காற்று அடிக்கும்போது பனையடியில் நிற்க வேண்டாம்.

ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று பேர்: பொம்மையை நிறுத்துபவர், காமிரா பிடிப்பவர், தன் நிழல் படத்தில் விழுகிறதா என்று பார்ப்பவர். காட்சிக்குக் காட்சி ஆளை மாற்றுங்கள். இல்லாவிட்டால் மூத்த பிள்ளை காமிராவை விடவே விடாது.

படமெடுக்கும் முறை

செல்போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் போனின் மேற்பகுதியில் இருப்பதால், கவிழ்த்துப் பிடிக்கும்போது அது தரையிலிருந்து ஒரு விரல் உயரத்துக்கு வந்துவிடும். மேலிருந்து பார்த்தால் அட்டை அட்டையாகவே தெரியும். முயலின் கண்மட்டத்துக்கு இறங்கினால் அது முயலாகிவிடுகிறது. இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அடுத்தது, பொம்மையின் முகத்தைத் திரையில் தொட்டுக் குவியம் (ஃபோகஸ்) பூட்டுவது. முகம் இருட்டாகத் தெரிந்தால் வெளிச்சத்தைக் கூட்டுவதைவிட, வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்து வெயிலை முகத்தில் திருப்பிவிடுவது நல்லது. செல்போன் படம் 3க்கு 4 என்ற விகிதத்தில் இருக்கும். 4க்கு 6 அங்குலத் தாளோ 2க்கு 3. பிரிண்ட் போடும்போது நிமிர்ந்த படத்தின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். முயலின் வாலை ஓரத்தில் வைத்தால் வாலில்லாத முயல்தான் புத்தகத்தில் கிடைக்கும்.

முதல் காட்சிக்குக் கொல்லங்கோட்டுப் பக்கம் கொடுத்துவைத்தது; நெல்லியாம்பதி மலை அப்படியே பின்திரையாக நிற்கிறது. சிங்கத்தை வரப்பு மேட்டில் குத்தி, கீழேயிருந்து எடுங்கள். மிக நெருங்கினால் மலை மங்கிவிடும். நான்கடி பின்வாங்கி, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் மலையும் சிங்கமும் ஒருசேரத் தெளியும். மலை இல்லாத இடத்தில் பாறை போதும்.

இரண்டாம் காட்சியை நிழலாகச் செய்யுங்கள். யானை, மான், நரி, குரங்கு எல்லாவற்றையும் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தால் விடுமுறை முடிந்துவிடும். கறுப்புத் தாளில் வெறும் வடிவங்களாக வெட்டி, தோல்பாவையில் இருப்பதுபோல் கண்ணுக்கும் காதுக்கும் உடல் கோடுகளுக்கும் கோணியூசியால் துளையிடுங்கள். இரவில், இருட்டறையில், வெள்ளை வேட்டி ஒன்றைச் சுருக்கமில்லாமல் கட்டி, அதன் பின்னால் உருவங்களைத் துணியோடு ஒட்டினாற்போல் பிடித்து, அவற்றுக்குப் பின்னால் ஐந்தடி தள்ளி ஒரே ஒரு டார்ச் விளக்கு. உருவம் துணியை விட்டு விலக விலக நிழல் பெரிதாகி விளிம்பு மங்கும். விலங்குகளைத் துணியோடு வைத்து, சிங்கத்தை மட்டும் விளக்கின் பக்கம் இழுத்துப் பிடித்தால், எல்லோர் தலைக்கும் மேல் அது பூதமாக நிற்கும். பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடிக்கும்வரை சொல்லாதீர்கள். எண்ணெய் விளக்கு வேண்டாம். பருத்தித் துணிக்குப் பக்கத்தில் தீ வைப்பது புலவர்களின் கைப்பழக்கத்துக்கே உரியது. படமெடுப்பவர் துணிக்கு இந்தப் பக்கம் நின்று, பிளாஷை அணைத்து, திரையில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றுக்குத் தனியாகச் சொல்ல அதிகமில்லை. முயலை முன்னால் வைத்து, பனை வரிசை பின்னால் உயர்ந்து போகும்படி எடுத்தால் சரி. நான்காவது பிள்ளைகளின் சொந்தக் காட்சி. முயல் எப்படிக் காலம் தாழ்த்தும்? நுங்கு தின்னலாம், உதிர்ந்த கொன்றைப்பூ மெத்தையில் படுக்கலாம், நுங்கு வண்டி ஓட்டலாம். கதையில் இல்லையே என்று தடுக்காதீர்கள். ஐந்தாவதில் சிங்கத்தைக் காமிராவுக்கு மிக அருகே, சட்டத்துக்குள் முழுவதும் அடங்காதபடி வையுங்கள். கோபம் தானாக வரும். ஆறாவதை மாலை வெயிலில் எடுத்தால் இருவரின் நிழலும் நீண்டு முன்னே ஓடும்.

கிணற்றுக் காட்சி

உண்மையான கிணற்றின் பக்கம் போகவே கூடாது. சுற்றுச்சுவர் இருந்தாலும் கூடாது. படத்தில் ஆழம் தெரிவதில்லை; மாட்டுத்தொட்டியோ அண்டாவோ போதும். விளிம்பைச் சுற்றிக் களிமண் அப்பி, சிறு கற்களைப் பதித்து, நடுவே புல்லைச் செருகினால் பாழுங்கிணறு தயார்.

பிரதிபலிப்பு நன்றாக விழ மூன்று நிபந்தனைகள் உண்டு. தண்ணீர் அசையக் கூடாது: காற்று எழுமுன், அதிகாலையிலேயே எடுங்கள். தண்ணீர் கறுப்பாக இருக்க வேண்டும்: அடியில் கறுப்புத் துணி விரியுங்கள், அல்லது கரிபிடித்த பாத்திரத்தைப் பயன்படுத்துங்கள். தண்ணீர் நிழலிலும் சிங்கம் வெயிலிலும் இருக்க வேண்டும்: தொட்டியின் மேல் ஒருவர் முறத்தைப் பிடித்து நிழல் காட்டலாம். வெளிறிய வானம் தண்ணீரில் விழுந்தால் சிங்கம் கரைந்துவிடும்.

தண்ணீரை விளிம்புவரை நிரப்புங்கள். நேராகப் பார்க்கும் சிங்கத்தை எதிர் விளிம்பில், காமிராவை நோக்கிச் சற்று முன்சாய்த்து நிறுத்துங்கள். அதன் கீழ்விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் அட்டை நனைந்து ஊறாது. காமிரா இந்தப் பக்க விளிம்பில், தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ. தாழ்ந்து பார்க்கும்போதுதான் தண்ணீர் நன்றாகக் கண்ணாடியாகிறது. முதுகு காட்டும் முயலை முன்னால் ஒரு மூலையில் வைத்துவிட்டால், முயல் பார்ப்பதையே படிப்பவரும் பார்க்கிறார். மேலே ஒரு சிங்கம், கீழே தலைகீழாக இன்னொரு சிங்கம். முயல் சொன்ன பொய் படத்தில் மெய்யாக நிற்கும்.

வலப்பக்கத்துத் தெறிப்புக்குச் சிங்கத்தை எடுத்துவிடுங்கள். ஒருவர் சட்டத்துக்கு வெளியிலிருந்து கல்லைப் போட, இன்னொருவர் படப்பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். எதிர்வெயில் இருந்தால் துளிகள் பளபளக்கும். சிங்கம் மூழ்குவதைக் காட்டவா என்று பிள்ளைகள் கேட்பார்கள். என் விருப்பம், வேண்டாம். தெறித்த தண்ணீரே போதும்.

எழுத்து

கதையை நீங்கள் எழுதித் தராதீர்கள். எடுத்த படத்தைக் காட்டி ‘என்ன நடக்கிறது?’ என்று கேட்டு, பிள்ளை சொல்வதை அப்படியே எழுதுங்கள். பக்கத்துக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். எழுதத் தெரிந்தவர்கள் தங்கள் கையெழுத்திலேயே எழுதட்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்கிறார்கள். தமிழ் வரிக்குக் கீழே மலையாள வரியும் இருந்தால் வகுப்புத் தோழர்களும் படிப்பார்கள். அந்த வரியை ஒரு தோழரையே எழுதச் சொல்லலாம்.

அச்சும் தையலும்

படங்களை ஸ்டுடியோவுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொடுங்கள். நல்ல அச்சுக்கு 4க்கு 6 அங்குலப் படத்தில் 1200க்கு 1800 புள்ளிகளாவது இருக்க வேண்டும். திரையில் விரலால் மிகப் பெரிதாக்கி எடுத்த படங்கள் இங்கேதான் காலைவாரும். மொத்தம் 8 படங்கள், பளபளப்பில்லாத தாளில்.

ஒட்டுவதற்கு முன் தைத்துவிடுங்கள். மடித்த நான்கு தாள்களையும், வெளியே அட்டையாக ஒரு சார்ட் தாளையும் சேர்த்து, மடிப்பில் மூன்று துளைகள். ஊசி உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே வரட்டும். வெளிப்புறமாகப் போய் மேல்துளையில் உள்ளே. உட்புறமாக நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே. பிறகு நடுத்துளையில் மறுபடி உள்ளே. இப்போது நூலின் இரு முனைகளும் உட்புறம் இருக்கும். நடுவில் ஓடும் நீண்ட தையலை அவற்றுக்கு இடையில் வைத்து முடிச்சிடுங்கள்.

படங்களுக்கு மைதாப் பசை ஆகாது, ஈரத்தில் தாள் சுருங்கும்; பசைக்குச்சி அல்லது இருபுறம் ஒட்டும் டேப் போதும். கடைசிப் பக்கத்தில் யார் வெட்டியது, யார் நார் ஒட்டியது, யார் கல்லைப் போட்டது என்று எல்லாப் பெயரும் வரட்டும். முறம் பிடித்தவர் பெயர் விட்டுப்போகும், ஞாபகமாகச் சேருங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை ஒட்டுவதானால் அந்தந்த வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை பிள்ளைகளோ அத்தனை பிரதி தேவைப்படும், அதனால் ஸ்டுடியோவில் படம் போடும்போதே எண்ணிச் சொல்லிவிடுங்கள்.